சால்வை சுற்றிய தயிர்ச்சட்டி

ஜெர்மனியில் பங்குத்தந்தையாக இருக்கும் ஃபாதர் சந்தியாகு, விடுமுறைக்கு வந்ததும் சொந்த ஊருக்குப் போகவில்லை. நேராக மலையடிவாரத்து ஆசிரமத்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு கம்பளிச் சால்வை, மனதில் ஒரு கேள்வி.

ஆசிரமத்தை நடத்துபவர் சலேத் அம்மா. காவிச் சேலை கட்டிய கத்தோலிக்கத் துறவி. சந்தியாகுவை விட இளையவர். ஆனாலும் மனது சிக்கலாகும்போதெல்லாம் சந்தியாகு தேடி வருவது இவரைத்தான். அதனால் வயதை மறந்து 'அம்மா' என்றே கூப்பிடுவார்.

பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே சந்தியாகு கேட்டுவிட்டார்.

"அம்மா, நம்ம திருச்சபை செத்துக்கிட்டு இருக்கா?"

"முதல்ல சாப்பிடுங்க ஃபாதர். சாகிறதைப் பத்தி வயிறு நிறைஞ்சப்புறம் பேசலாம்."

சாப்பாட்டு மேசையில் மண்சட்டி நிறையத் தயிர் இருந்தது. ஜெர்மனியில் தயிர் என்ற பெயரில் டப்பாவில் ஸ்ட்ராபெரி வாசனையோடு எதையோ தின்று நாக்கு செத்துப் போயிருந்தது அவருக்கு. சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். கரண்டியால் போட்டார், பிறகு சாய்த்து ஊற்றினார், கடைசியில் விரலால் வழித்தார். சலேத் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை காப்பியோடு சந்தியாகு செல்போனைத் திறந்து செய்தி வாசிக்கத் தொடங்கினார். ஒரு நாட்டில் கோவிலை விற்று ஓட்டலாக்கிவிட்டார்களாம். இன்னொரு நாட்டில் பூசை வைக்கச் சாமியார் இல்லையாம். வேறொரு இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து பயந்து செபம் சொல்கிறார்களாம்.

"வானிலை அறிக்கை இருக்கா?" என்றார் சலேத் அம்மா.

"விளையாடாதீங்க அம்மா. பிஷப் நாளை மதியத்துக்குள்ள பதில் கேட்டிருக்கார். திரும்ப அங்கேயே போறேனா, இல்ல இங்க ஒரு பங்கு போதுமான்னு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எதுக்குப் போகணும்? அவ்வளவு பெரிய கோவில். ஞாயித்துக்கிழமை முன்வரிசையே நிறையாது. நானும் சும்மா இருக்கல. மாதா திருவிழாவுக்கு நம்ம ஊர் மாதிரியே வாசல்ல ஸ்பீக்கர் கட்டினேன். விடியக்காலையில பாட்டுப் போட்டேன்."

"கூட்டம் வந்துதா?"

"போலீஸ் வந்துது."

சலேத் அம்மாவுக்குக் காப்பி புரையேறிவிட்டது. சிரித்து முடிக்க நேரமானது. சந்தியாகுவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஒரு நாள் ஒரு அம்மா தெருவுல என்னை நிறுத்தினாங்க. நம்ம சாமியார்கள் சிலர் சின்னப் பிள்ளைங்களுக்குச் செஞ்ச அநியாயத்தைச் சொல்லி, 'இதுக்கு உங்க பதில் என்ன'ன்னு கேட்டாங்க. அவங்க தம்பியும் அதுல ஒருத்தராம். நான் ஒண்ணும் பேசல. நான் செய்யலையேன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன்."

இதற்குச் சலேத் அம்மா சிரிக்கவில்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க உங்களைத் தேடுறவங்க யாரும் இல்லையா?" என்று பிறகு கேட்டார்.

"குர்ட்னு ஒருத்தர். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கோவில் சாவி அவர்கிட்டதான். பூசை முழுக்க வாயே திறக்க மாட்டார். கிளம்புற அன்னைக்கு இந்தச் சால்வையைக் குடுத்து, திரும்பி வருவீங்களான்னு கேட்டார். இருமல் வந்த மாதிரி பண்ணிட்டுக் கார்ல ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"இன்னைக்குக் காலையில மெசேஜ் போட்டிருக்கார். கோவில் ஹீட்டரைச் சரி பண்ணிட்டாராம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"ம். உங்க சொந்த ஊர்க் கோவிலை யார் கட்டினாங்க ஃபாதர்?"

பேச்சு ஏன் அங்கே தாவுகிறது என்று சந்தியாகுவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் ஊர்ப் பெருமை பேசக் கசக்குமா?

"ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அம்மா. அந்த ஜெர்மனிப் பக்கத்துல எங்கேயோ இருந்துதான் வந்தவர். வெயில்ல வெந்து, காய்ச்சல்ல கிடந்து, எங்க ஊர்லயே செத்தார். கல்லறை கோவில் வாசல்லதான் இருக்கு."

"அவர் காலத்துல ஊர்ல எத்தனை கிறிஸ்தவக் குடும்பம்?"

"ஒண்ணே ஒண்ணு. எங்க பூட்டன் குடும்பம். அதுவும் சாமியார் வெட்டின கிணத்துல தண்ணி எடுக்கலாம்னுதான் சேர்ந்தார்னு எங்க அப்பா சொல்லுவார்."

"இப்போ?"

"திருவிழாவுக்கு வந்து பாருங்க. நிக்க இடம் இருக்காது."

சலேத் அம்மா தலையாட்டினார். எழுந்து அடுக்களைக்குள் போனவர், காலிச் சட்டியோடு திரும்பி வந்தார். முந்தின இரவு சந்தியாகு வழித்துப் போட்ட அதே சட்டி. உள்ளே எறும்பு ஊர்ந்தது.

"மதியத்துக்குத் தயிர் இல்ல ஃபாதர்."

"ஐயோ, மன்னிச்சிருங்க அம்மா. நாளைக்குப் போட்டுக்கலாமே."

"எதை வச்சு? உறை ஊத்தக்கூட ஒரு சொட்டு விடலையே நீங்க."

பங்குத்தந்தை, இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், கூச்சத்தில் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"முதல்ல சட்டியைக் கழுவுங்க."

கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தார். கழுவிக் கொண்டுவந்து காட்டினார். சலேத் அம்மா மோந்து பார்த்தார்.

"புளிச்ச வாடை இருக்கு."

மறுபடி போய்த் தேய்த்தார். மறுபடி கொண்டுவந்தார்.

"இன்னும் இருக்கு."

"மண்சட்டி அம்மா, உள்ள இறங்கிடுச்சு. இதுக்கு மேல என்ன செய்ய? நல்ல பால்தானே ஊத்தப் போறோம்."

"வாடையோட இருக்கிற சட்டியில நல்ல பாலை ஊத்தினா, பாலும் கெட்டுப்போகும். வெந்நீர் ஊத்தித் தேய்ங்க. அப்புறம் வெயில்ல கவுத்து வைங்க. மூடி மறைச்சு வைக்காம, எல்லாரும் பாக்கிற மாதிரி நடு முத்தத்துல வைங்க."

சந்தியாகு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வெந்நீர் எடுக்கப் போனார். இந்த முறை வெகுநேரம் தேய்த்தார்.

சாயங்காலம் மாட்டைக் கறந்து பால் காய்ச்சினார்கள். உறைமோருக்கு ஆசிரமத்தில் வழியில்லை. பக்கத்துத் தோட்டத்து ஜைத்தூன் பீவி வீட்டில் வாங்கி வரச் சொல்லி, கையில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்தார் சலேத் அம்மா.

ஜைத்தூன் பீவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டித் தயிர் போட்டுக்கொண்டு வந்தார்.

சந்தியாகு எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா? எங்க சட்டி பெருசு."

"உறை ஊத்தப் போறீங்களா சாமி, இல்ல குடிக்கப் போறீங்களா?"

"இல்ல, உறைக்குத்தான்."

"அப்பப் போதும். இதுவே உங்க ஆசிரமத்து வழியில வந்த தயிர்தான். எங்க வீட்டுக் கல்யாணத்துல வந்த சனம் சட்டியைத் தொடச்சு வச்சுட்டாங்க. மறுநாள் நான் அம்மாகிட்டதான் போய் நின்னேன்."

"நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எதுக்கு? எங்க சட்டி காலியாகும்போது வந்து வாங்கிக்கிறேன்."

சந்தியாகு வேலியோரமாகத் திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்றார். கிண்ணத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு, வரும்போது நடந்ததை விட மெதுவாக, சிந்திவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுக்களைக்குள் நுழைந்த வேகத்தில் அடுப்பில் இருந்த பாலில் ஊற்றப் போனார். சலேத் அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"கொதிக்குது ஃபாதர். இந்தச் சூட்டுல உறை செத்துப்போகும். இங்கயும் போலீஸ் வரணுமா?"

பால் வெதுவெதுப்பாக ஆறும்வரை இருவரும் செபமாலை சொன்னார்கள். பிறகு சட்டியில் ஊற்றி, உறை சேர்த்து, மூடி வைத்தார்கள். மலைக்காற்று சன்னல் வழியே ஊசியாக வந்தது.

"தை மாசக் குளிர். லேசுல தோயாது" என்ற சலேத் அம்மா, சந்தியாகுவின் தோளிலிருந்த சால்வையை உருவிச் சட்டியைச் சுற்றிக் கட்டினார்.

"அம்மா, அது குர்ட் குடுத்தது."

"நல்ல கம்பளி. நல்ல மனுஷன்."

சந்தியாகுவால் சும்மா இருக்க முடியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தார். பால் பாலாகவே இருந்தது. படுக்கப் போகும் முன் சட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தார். விடிந்ததும் செபத்துக்குக்கூடப் போகாமல் அடுக்களைக்கு வந்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பாதி தயிரும் பாதி பாலுமாகக் கொழகொழவென்று ஒட்டியது.

"அம்மா, இது தேறாது. மாட்டுக்கு ஊத்திடலாம்."

"எத்தனை தடவை திறந்தீங்க?"

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டினீங்களா?"

"லேசா."

"மூடி வைங்க. சால்வையைக் கட்டுங்க. வந்து தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுங்க."

வெயில் ஏறியது. அவர் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. பிஷப். மதியம்வரை பொறுக்கமாட்டார் போலிருக்கிறது.

சந்தியாகு அடுக்களைச் சன்னலைப் பார்த்தார். சட்டி சுற்றிய சால்வையோடு அப்படியே இருந்தது. உள்ளே தயிரா, பாலா, யாருக்கும் தெரியாது.

"சொல்லுங்க ஃபாதர், என்ன முடிவு?" என்றது போன்.

"போறேன் ஆண்டகை."

"அங்க ஆளே இல்லன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

"கொஞ்சம் பேர் இருக்காங்க ஆண்டகை. முதல்ல ஒரு அம்மாவைப் போய்ப் பார்க்கணும். அவங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. என்ன சொல்றதுன்னு தெரியல. உட்கார்ந்து கேட்டுக்கவாவது செய்யணும்."

போனை வைத்ததும் குர்ட்டுக்கு ஒரு வரி எழுதினார். ஹீட்டர் வேலை செய்வதில் தனக்கு மிகுந்த சந்தோஷம் என்று. உடனே பதில் வந்தது. கட்டைவிரல் படம் ஒன்று. பேசாத மனிதர் அதற்கு மேல் என்ன அனுப்புவார்? சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாததால் துடைத்துக்கொள்ளவில்லை.

மதியம் சலேத் அம்மா சால்வையை அவிழ்த்து மூடியைத் திறந்தார். வெட்டி எடுக்கலாம் போலக் கெட்டித் தயிர். விரல் விட்ட இடத்தில் மட்டும் ஒரு பள்ளம், அதில் தண்ணீர் தேங்கி நின்றது.

"இது யார் போட்ட கிணறு?" என்றார் சலேத் அம்மா.

சந்தியாகு வாய்விட்டுச் சிரித்தார். இங்கே வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் முறை. கரண்டியை எடுத்து, தன் தட்டில் போடுவதற்கு முன், ஒரு கரண்டித் தயிரைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தார். யாரும் சொல்லாமல்.

சலேத் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தன் தட்டை நகர்த்தினார்.

சாப்பிட்டு முடித்ததும் சந்தியாகு தயங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும் அம்மா. இங்க இந்தக் குளிருக்கே இவ்வளவு நேரம் ஆச்சு. அங்க குளிர் இதைவிடப் பல மடங்கு. அங்க எப்போ தோயும்?"

சலேத் அம்மா சால்வையை உதறி மடித்து அவர் தோளில் போட்டார்.

"இதை எடுத்துட்டுப் போங்க. மூடியை மட்டும் திறந்து திறந்து பாக்காதீங்க."