விளக்குக்குள் இரண்டு கரண்டித் தண்ணீர்

கருவக்குளம் நண்பர்கள் நற்பணி மன்றத்தில் மொத்தமே மூன்று பேர். பூவலிங்கம் தலைவர், மாடக்கண்ணு துணைத்தலைவர், இசக்கியப்பன் செயலாளர். மூவருக்கும் பதவி கொடுத்துவிட்டதால் உறுப்பினராக இருக்க ஆள் மிஞ்சவில்லை. ஆனாலும் ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் அங்கே மின்விசிறிகூடச் சுற்றாது.

மன்றத்தில் ஒரு மீன்தொட்டி உண்டு. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு சிவப்பு மீன். கொடுத்தவர் மாவு மில் வைகுண்டம் அண்ணாச்சி. "மூணு மாசம் கழிச்சு வந்து பாப்பேன். மீனை ஒழுங்கா வச்சிருந்தா என் மக கனியை இசக்கியப்பனுக்குக் குடுக்கதைப் பத்தி யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து இசக்கியப்பன் மீனுக்கு வணக்கம் சொல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை.

மூன்று மாதம் முடிகிற நாள் காலையில் பார்த்தால், தொட்டியின் மேலிருந்த எல்.இ.டி. விளக்கு எரியவில்லை. மீன் துள்ளித் துள்ளித் தண்ணீரை விளக்குக்குள் அடித்திருந்தது. அண்ணாச்சி வருவது மாலை நாலு மணிக்கு. இசக்கியப்பன் டவுனில் லைட் ரிப்பேர் பார்க்கும் மைதீன் பாய்க்குப் போன் போட்டான்.

"பதறாதேயும்" என்றார் பாய். "மொதல்ல கரண்ட்டை நிறுத்தும். லைட்டைக் கழத்தி உள்ள இருக்க தண்ணியை வடிச்சிரும். வெயில்ல காயப் போடும். ஓட்டையெல்லாம் பசை வச்சு அடைச்சிரும். அதுக்கப்புறம் லைட்டுக்குப் பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது."

இசக்கியப்பன் ஒரு எழுத்து விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

"கரண்ட்டை நிறுத்தணும்னா, எந்தக் கரண்ட்டை?" என்று கேட்டார் தலைவர்.

"எதுன்னு பாய் சொல்லலியே. எல்லாத்தையும் நிறுத்திருவோம்" என்றார் துணைத்தலைவர்.

தெருவின் முப்பத்திரண்டு வீட்டிலும் ஏறி இறங்கி மெயின் சுவிட்சை அணைத்தார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. கரண்ட் போவது கருவக்குளத்துக்குப் புதிதில்லை. வீடு தேடி வந்து சொல்லிவிட்டு நிறுத்தியதுதான் புதிது. அந்த மரியாதைக்காகச் சிலர் மோர்கூடக் கொடுத்தார்கள்.

அடுத்து விளக்கைக் கழற்றிச் சாய்த்தார்கள். இரண்டு கரண்டித் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. மூவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது யாரோட தண்ணி?" என்றார் தலைவர்.

"மீனோடது தலைவரே. அடுத்தவங்க தண்ணி நமக்கு எதுக்கு?" என்று இசக்கியப்பன் அதைப் பயபக்தியோடு தொட்டியிலேயே ஊற்றினான்.

பிறகு மாடிக் கொடியில் ஒரு பனியனுக்கும் லுங்கிக்கும் நடுவே விளக்கைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். தூரத்தில் ஒரு மேகம் தெரிந்தது. மாடக்கண்ணு குடையை விரித்து விளக்குக்குப் பிடித்தார். மேகம் போன பிறகும், அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று மடக்கவேயில்லை. விளக்கு நிழலில் இருந்தது, மாடக்கண்ணு நன்றாகக் காய்ந்தார்.

ஓட்டை அடைக்கும் வேலையைத் தலைவரே ஏற்றார். விளக்கில் இருந்த ஓட்டை ஒன்றுதான். ஆனால் பாய் ஓட்டையெல்லாம் என்று சொல்லியிருந்தாரே! தேடிப் பார்த்ததில் சுவரில், சுவிட்சுக்குப் பக்கத்தில், மூன்று பெரிய ஓட்டைகள் அகப்பட்டன. அவற்றையும் அடைத்தார். பிளக் சொருக இடமில்லாமல் போனதும், பக்கத்து டீக்கடை கரண்ட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தார்கள். அதிலும் ஓட்டைகள் இருந்தன. நல்லவேளை, பசை தீர்ந்துவிட்டது.

கடைசியாக, ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. மீனைப் பின்கட்டில் ஒரு அண்டாவுக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து, துண்டால் துடைத்து, விளக்கை மேலே வைத்தார்கள். மெயின் சுவிட்சுகளைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது! இசக்கியப்பன் ஆனந்தத்தில் அழுதே விட்டான்.

நாலு மணிக்கு வைகுண்டம் அண்ணாச்சி வந்தார். வெளிச்சத்தில் பளபளத்த வெறும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மீனு எங்க?"

"அண்டாவுல இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கியப்பன்.

அண்ணாச்சி பின்கட்டுக்குப் போய் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இருட்டா கெடக்கே! என்னத்தைப் பாக்க? லைட்டைக் கொண்டாங்கடே."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு இழுத்துவந்து பிடித்தார்கள். வெளிச்சத்தைக் கண்ட குஷியில் மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. விளக்கு அணைந்தது. அதோடு கல்யாணமும் அணைந்தது என்று இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

அண்ணாச்சி நிதானமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டார். "நிக்கேளே? போங்க, மொதல்ல தெருவுல கரண்ட்டை நிறுத்துங்க."

முப்பத்திரண்டு வீட்டையும் முடித்துவிட்டு மூவரும் மூச்சிரைக்கத் திரும்பினார்கள். அண்ணாச்சி விளக்கைச் சாய்த்தார். இரண்டு கரண்டித் தண்ணீர் டம்ளரில் விழுந்தது.

"இது யாரோட தண்ணி?" என்று முறைத்தார்.

"மீனோடது... மாமா." வாய் தவறி வந்துவிட்டது.

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "பொறவென்ன? திருப்பிக் குடுங்க மாப்ள."

"முன்மொழியுதேன்!" என்று கத்தினார் பூவலிங்கம். "வழிமொழியுதேன்!" என்றார் மாடக்கண்ணு.

மாப்பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி, அண்டாவைத் தாண்டி, முன்னறைக்குப் போய், துடைத்து வைத்திருந்த காலித் தொட்டியில் ஊற்றினான். மீன் வீட்டுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுமாம்.