வெயில்சாமி

குரு என்றதும் நரைத்த தாடியைத் தேட வேண்டாம். உலகம்மைக்குத் தாடியும் இல்லை, தலையில் நரையும் அதிகம் இல்லை. அவளுடைய சீடர்கள் இருவருமே அவளைவிட வயதில் மூத்தவர்கள்.

தெற்குக் கடற்கரையில், உப்பளங்களுக்கு நடுவில் இருந்தது அவளுடைய மடம். ஊருக்குள் கரண்ட் வராத காலம். மடத்து வாசலில் ஒரு நெடிய கம்பம் உண்டு. சாயங்காலமானால் அதில் ஒரு துணி ஏறும். வெள்ளை என்றால் மறுநாள் வழக்கம்போல வேலை. கறுப்பு என்றால் இடிமழை வரும், காலையிலேயே போய் உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சிவப்பு என்றால் ஆளைக் கொல்லும் வெயில். அன்றைக்கு யாரும் அளத்தில் கால் வைக்கக் கூடாது.

சிவப்பு ஏறிய நாளில் ஆள் கூப்பிடுவதில்லை என்று உப்பளத்து முதலாளிகள் மடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதனாலேயே சிவப்பைச் சும்மா சும்மா ஏற்ற முடியாது. வெறும் பயத்துக்கு இரண்டு முறை ஏற்றினால் மூன்றாம் முறை வாக்கும் போய்விடும், கம்பமும் வெறும் கம்பாகிவிடும்.

வானம் பார்த்துச் சொல்வது சீடர்களின் வேலை. எதை ஏற்றுவது என்பது குருவின் முடிவு.

மூத்த சீடர் மாசிலாமணி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் வேலை பார்த்தவர். அடக்கமாகப் பார்ப்பார், அளந்து பேசுவார். அவர் சொன்னால் அநேகமாகத் தப்பாது. அடுத்தவர் கொம்பையா, பஜாரில் டீக்கடை வைத்திருந்தவர். அவரும் வானம் பார்ப்பார். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்கு மழைதான் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக எப்போதாவது ஒன்று பலிக்கும். மற்றதெல்லாம் பொய்க்கும்.

இருந்தும் பேர் என்னவோ கொம்பையாவுக்குத்தான்.

"ஏ மழைச்சாமி, சொன்ன மழை எங்க?" என்று கிணற்றடியில் பெண்கள் கேட்பார்கள்.

"பக்கத்து ஊருல எறங்கிட்டு தாயி. வழி கேக்காமப் போயிட்டு."

கிணற்றடி முழுக்கச் சிரிக்கும். மறுநாள் மடத்துக்கு நுங்கு வரும், மழைச்சாமிக்கு என்று பேர் சொல்லி வரும்.

மாசிலாமணி வெயில் என்பார். சொன்னபடியே காயும். அதே பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டீரே வெயில்சாமி, இப்ப சந்தோசந்தானா?" என்பார்கள். ஏதோ அவர்தான் சூரியனை மடியில் கட்டிக்கொண்டு வந்தது போல.

மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. கொம்பையா சிரித்தால் எரிந்தது. கொம்பையா படுத்த உடனே தூங்கிப்போவதைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. ஒரு நாள் கொம்பையா சொன்ன மழை நிஜமாகவே பெய்து ஊரே நனைந்து கூத்தாடியபோது, அவர் மட்டும் தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டார். இதைப் பொறாமை என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அநியாயத்தைப் பொறுக்க முடியவில்லை என்பார். பொறாமைப்படுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரு நாள் குருவிடம் போனார். உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்."

"தப்பாச் சொல்லுதவருக்கு நுங்கு. சரியாச் சொல்லுதவனுக்கு வசவு. இது என்ன நியாயம்?"

"உமக்கு நுங்கு வேணுமா?"

"நான் நுங்குக்காகக் கேக்கல."

"பின்ன எதுக்கு?"

குரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். மாசிலாமணி வெளியே வந்துவிட்டார்.

கத்திரி வெயில் பிறந்தது. ஒரு சாயங்காலம் சீடர்கள் இருவரும் மணல்மேட்டில் ஏறி வானம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

கொம்பையா முந்திக்கொண்டார். "நாளைக்கு மத்தியானம் இடிமழைதான் அம்மா. மேக்கே மேகம் கோபுரம் கோபுரமா எழும்பிக் கெடக்கு."

"மேகம் எழும்பும், பெய்யாது" என்றார் மாசிலாமணி. "கடல்காத்து செத்துப் போச்சு. மேல்காத்து அதை உள்ள விடாது. நாளைக்கு வெயில் ஆளத் தின்னுரும்."

அது சாதாரணப் பேச்சு இல்லை. அந்தக் கரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உச்சிப்பொழுதுக்குள் கடல்காற்று வந்து ஆட்களைக் காப்பாற்றிவிடும். அது வராத நாளில்தான் உப்பளத்தில் உயிர் போகும்.

குரு இருவரையும் பார்த்தாள். "சிவப்பு" என்றாள்.

மாசிலாமணியின் நெஞ்சு குளிர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

"அப்ப நான் சொன்னதுதான் சரின்னு நம்புதியளா அம்மா?"

"அது எனக்குத் தெரியாது."

"பின்ன ஏன் சிவப்பு?"

"உம்ம பேச்சு பொய்யாப் போனா ஒரு நாள் வேலை போகும். அவரு பேச்சு பொய்யாப் போனா ஆளு போகும்."

சிவப்புதான் ஏறியது. ஆனால் அவர் ஆசைப்பட்டபடி ஏறவில்லை. போதாததற்குக் கொம்பையாவே ஓடி வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "இறுக்கிக் கட்டுங்க அண்ணாச்சி. காத்து இல்லன்னாலும் துணி தெரியணும்லா" என்றார். தோற்றவன் பேசுகிற பேச்சா இது என்று மாசிலாமணிக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த நேரத்தில் உப்பளத்து வேலை முடித்துச் சுயம்பு வந்தான். அவனும் அவன் மனைவி பேச்சியும் வாரிக் குவித்த உப்பு அம்பாரம் மூடாமல் கிடந்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து பாத்திக்கே திரும்பிவிடும், அதற்கான கூலியும் போய்விடும்.

"மழைச்சாமி, நீரு என்ன சொல்லுதீரு?" என்றான்.

"எனக்கு என்னமோ மழை வாசனை அடிக்கி. ஆனா அம்மா சிவப்பு ஏத்தியாச்சு. பேசாம வீட்டுல கெடங்க."

சுயம்பு முதல் பாதியைத்தான் காதில் வாங்கினான். அவன் கண் அம்பாரத்தின் பக்கம் போனது. நாளைக்கு இவன் போவான் என்று மாசிலாமணிக்குப் பட்டது. "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை ஏன் கேட்கவில்லை, என் பேச்சுக்கு மரியாதை இல்லாத இடத்தில் நான் ஏன் வாய் திறக்க வேண்டும்? பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. கம்பத்தில் சிவப்புத் துணி துவண்டு தொங்கியது. காகங்கள்கூடக் கத்தவில்லை. மாசிலாமணி அடிக்கடி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். நேரம் ஏற ஏற அவருக்கு மட்டும் மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சுயம்பு வந்தான். பேச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அம்பாரத்தை மூடப் போன இடத்தில், பாதி ஓலை போட்டதும் அவள் விழுந்துவிட்டாள்.

மடத்துக் கூடத்தில் கிடத்தினார்கள். வைத்தியர் வந்து தொட்டுப் பார்த்தார்.

"உடம்பு கொதிக்கி. ஒரு பொட்டு வேர்வை இல்ல. ஈரத்துணி மாத்திக்கிட்டே இருங்க. விசிறுத கை நிக்கப்படாது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆகணும்."

"வண்டியப் பூட்டவா?" என்றான் சுயம்பு.

"இந்த வெயில்ல மாட்டுவண்டில ஏத்தினா பாதி வழி தாங்க மாட்டா. மழை ஒண்ணு விழுந்தா இப்பமே கெளம்பலாம். இல்லாட்டி வெயில் தாழணும். அது வரைக்கும் இவ தாங்கணும்."

கொம்பையா விசிற உட்கார்ந்துவிட்டார். குரு துணியை நனைத்துப் பிழிந்து போட்டாள். மாசிலாமணி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"நேத்தே சொன்னேம்லா."

"சொன்னிய அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "நான்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. அந்தத் துணிய நனைச்சுக் குடுங்க."

மாசிலாமணி நனைத்துக் கொடுத்தார். தோற்றவர் முகம் வாடினால்தான் ஜெயித்தவருக்கு ருசி. கொம்பையாவுக்குத் தோற்றதை நினைக்கவே நேரம் இல்லை. எதிரில் ஆளே இல்லாமல் எத்தனை நேரம் ஜெயித்துக்கொண்டிருப்பது?

அப்போது மேற்கே உருட்டிக்கொண்டு ஓர் இடி கேட்டது.

எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். கொம்பையா மட்டும் விசிறுவதை விடவில்லை. "அண்ணாச்சி, மேட்டுல ஏறிப் பாருங்களேன். உங்களுக்குத்தான் சரியாத் தெரியும். பெய்யும்னா சொல்லுங்க, வண்டியப் பூட்டிருவோம்."

மாசிலாமணி போனார். சுயம்பு பின்னாலேயே ஓடி வந்து மேட்டின் அடியில் கைகூப்பி நின்றான்.

மேகம் வந்துகொண்டுதான் இருந்தது. கருத்துத் திரண்டு, அடிவயிற்றில் மின்னல் வெட்ட, நேராக உப்பளத்தைப் பார்த்து வந்தது. மண் வாசனைகூட அடித்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் போதும். வண்டி பூட்டலாம், பேச்சி பிழைத்துக்கொள்வாள்.

பிழைத்துக்கொள்வாள். கூடவே இன்னொன்றும் நடக்கும். மழைச்சாமி வாக்குப் பலித்தது என்று ஊர் கொண்டாடும். காலமெல்லாம் சொல்லும். வெயில் என்று சொல்லிச் சிவப்பு ஏற வைத்த வெயில்சாமியைப் பார்த்துக் கிணற்றடி சிரிக்கும்.

எதை வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நெஞ்சுக்குள்ளிருந்து எழும்பியது வேறு.

பெய்யாதே.

முதலில் மனசுக்குள் சொன்னார். அப்புறம் உதடே அசைந்தது. "பெய்யாதே. போயிரு."

காற்று திரும்பியது. மேகம் கொஞ்சம் தயங்கினாற்போல் நின்றது. பிறகு வடக்கே ஒதுங்கி, ஆளில்லாத கடலின் மேல் போய்ச் சேர்ந்தது. தூரத்தில் தண்ணீரின் மேல் மழை இறங்குவது சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

அவர் சொன்னதுதான் நடந்தது. மேகம் எழும்பியது, பெய்யவில்லை. மடத்துக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லை.

"வருதா சாமி?" என்று கீழேயிருந்து சுயம்பு கேட்டான்.

"இல்ல."

சுயம்பு அப்படியே மணலில் உட்கார்ந்தான். கால் வைக்க முடியாத மணல் அது. அவனுக்கு அது சுட்டதாகவே தெரியவில்லை.

அதைப் பார்த்ததும்தான் மாசிலாமணிக்குத் தான் என்ன வேண்டிக்கொண்டோம் என்பது உறைத்தது. மேட்டிலிருந்து எப்படி இறங்கினார், எப்படிக் கூடத்துக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. பேச்சியின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவர் குருவின் காலடியில் விழுந்தார்.

"அம்மா, நான் பாவி."

குரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மேகம் வந்துது அம்மா. நேரா நம்மளப் பாத்துத்தான் வந்துது. நான்தான் பெய்யாதன்னு வேண்டிக்கிட்டேன். போயிருன்னு வாயால சொன்னேன். கொம்பையா சொன்னது பலிச்சிரப்படாதுன்னு சொன்னேன். போயிட்டு. என் பொறாமை இவ உசுர வாங்கிரும்." தலையில் அடித்துக்கொண்டார். "இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பழி என்னைத்தான் சேரும். நேத்து இவனப் போகாதன்னு ஒரு வார்த்தை தடுக்கல. இன்னைக்கு வந்த மழையையும் வெரட்டிட்டேன். என்னப் போல ஒரு பாவி உண்டுமா?"

அவர் வாய்விட்டு அழுதார். கூடமே அவரைப் பார்த்தது. வைத்தியர் பார்த்தார், வாசலில் வந்து நின்ற சுயம்பு பார்த்தான். கொம்பையாவும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவர் கையில் விசிறி அசையாமல் நின்றது.

உலகம்மை எட்டி அந்த விசிறியை வாங்கினாள். அழுதுகொண்டிருந்த மாசிலாமணியின் கையில் அதைத் திணித்தாள்.

"மேகத்துக்கு உம்மத் தெரியாது" என்றாள். "விசிறும்."