வெறுங்கையோடு ஒரு சுற்று

தீயணைப்புப் பயிற்சி மையத்தில் தமயந்தி மேடம் ஒரு விதி வைத்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கும் குழுத் தலைவர் தண்ணீர் அடிக்கும் ஹோஸைத் தொடக் கூடாது. வெறுங்கையோடு கட்டடத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். நாலு பக்கமும் பார்த்த பிறகுதான் தண்ணீர்.

அதற்கு நாற்பது விநாடி ஆகும்.

பதவி உயர்வுப் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் பத்துப் பதினைந்து வருடம் தீயோடு மல்லுக்கட்டியவர்கள். அவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ‘மேடத்தோட பிரதட்சணம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடத்துக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருந்துகொள்வார்.

எபநேசருக்கு மட்டும் அது எரிச்சலாக இருந்தது. தூத்துக்குடிக்காரர், நாற்பத்திரண்டு வயது, மேடத்தைவிட நாலைந்து வயதுதான் சின்னவர். போய் இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் பாய்ச்சுகிறவர் என்று தன் நிலையத்தில் பெயரெடுத்தவர். மறுநாள் பயிற்சி முடிகிறது. மேடம் கையெழுத்துப் போட்டால் ஒரு வண்டிக்குத் தலைவராகத் திரும்பிப் போவார். மற்ற எல்லாருடைய தாளிலும் கையெழுத்து விழுந்துவிட்டது. அவருடைய தாள் மட்டும் சட்டைப் பையிலேயே கிடந்தது.

அன்று காலை நேராகவே கேட்டுவிட்டார்.

“எதுக்கு மேடம் சுத்தணும்? தீ முன்னாடிதான எரியுது?”

“சுத்தினா என்ன கெட்டுப்போகும்?”

“நாப்பது செகண்டு போயிரும். அதுக்குள்ள ஒரு வீடே போயிரும். அதுவுமில்லாம, நான் வேதக்காரன் மேடம். பிரதட்சணம்லாம் நமக்குப் பழக்கமில்ல.”

நின்றவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டார்.

“சரி எபநேசர். இன்னைக்கு உங்க இஷ்டம். சுத்த வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடிங்க.”

பயிற்சிக்கென்று மைதானத்தின் ஓரத்தில் இரண்டு அறை கொண்ட கட்டடம் ஒன்று உண்டு. முன் அறையில் ஈர வைக்கோலையும் பழைய சாக்கையும் போட்டுக் கொளுத்தினார்கள். மேடம் விசிலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு எங்கோ நடந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

விசில் ஒலித்தது. வண்டி வந்து நின்றது. எபநேசர் குதித்தார், ஹோஸை இழுத்தார், முன் ஜன்னல் வழியாக முழு வேகத்தில் தண்ணீரைப் பாய்ச்சினார்.

முப்பத்தெட்டு விநாடி. அந்த மையத்தில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கவே தூக்கிவிட்டார்.

அப்போது கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மேடம் வந்தார். காக்கிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் கரி. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமல் நிற்க வெகுநேரமானது. கை தட்டல் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

“உள்ளயா மேடம் இருந்தீங்க?” என்றார் எபநேசர்.

“பின் ரூம்ல. நீங்க அடிக்கிற வரைக்கும் புகை முன் ஜன்னல் வழியா வெளிய போயிட்டிருந்துச்சு. எனக்கு மூச்சு விட முடிஞ்சுது. அடிச்சீங்க, புகையும் ஆவியும் அப்படியே என் பக்கம் திரும்பிருச்சு. பின்னாடி ஜன்னல்ல கையை நீட்டிக் கத்தினேன்.”

“கேக்கலயே மேடம்.”

“கேட்டிருக்காது. எனக்குப் பக்கத்துல கதவு இருந்துச்சு, வந்துட்டேன்.”

எபநேசருக்குக் கோபம் வந்தது.

“ஏதாவது ஆயிருந்தா யாரு பதில் சொல்றது? உள்ள இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“மாட்டிக்கிட்டவங்க சொல்லிட்டா மாட்டுறாங்க?”

மேடம் வண்டிப் படியில் உட்கார்ந்தார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னார்.

“நான் தலைவரா போன மூணாவது தீ. ஒரு பனியன் கம்பெனி குடோன். மத்தியானம் மூணு மணி. ஷட்டர் பக்கம் எரியுது, ஊரே கூடி நிக்குது. நான் இறங்கினதும் ஒருத்தர், ‘பொம்பளைய அனுப்பியிருக்காங்க பாரு, வெளங்கின மாதிரிதான்’னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. சுத்தி நடந்தா பயந்து தள்ளிப் போறேன்னு நினைப்பாங்களோன்னு தோணிச்சு. நேரா போய் அடிச்சேன். முப்பத்தஞ்சு செகண்டு.”

மேடம் இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார்.

“பத்து நிமிஷத்துல அணைச்சுட்டோம். அதே ஆள் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தாரு. நின்னு குடிச்சேன். அப்புறம் சாவகாசமா பின்பக்கம் போனேன்.”

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கம்பி போட்ட ஜன்னல். ஒரு கை வெளிய தொங்குது. மிஷின் மெக்கானிக். துரைக்கண்ணுன்னு பேரு. சாப்பிட்டுட்டு அந்த ரூம்ல படுத்திருக்காரு. அங்க ஒரு துணிகூட எரியல எபநேசர். தீ அந்தப் பக்கம் போகவே இல்ல. புகையையும் சூட்டையும் நான்தான் அவர்கிட்ட அனுப்பி வச்சேன். சுவர் ஒத்தைச் செங்கல். கடப்பாரையால நாலு போடு போட்டிருந்தா இடிஞ்சிருக்கும்.”

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும், உள்ள ஆள் இருக்குன்னு?” என்றார் கூட்டத்தில் ஒருவர், ஆறுதலாக.

“போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பத்தொன்பது வருஷமாச்சு, மனசு ஆறவே இல்ல. அதுக்கப்புறம் நான் சோடாவைத் தொட்டதே இல்ல.”

எபநேசர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். அதுவும் நனைந்திருந்தது. பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். கையெழுத்துக் கேட்கவில்லை.

ஈரத் தரையில் மேடத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“அந்த மனுசன் கத்தலயா மேடம்?”

மேடம் அவரைப் பார்த்தார். பிறகு சற்று முன் கை தட்டிய அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“கத்தியிருப்பாரு. முன்பக்கம் எல்லாரும் எனக்குக் கை தட்டிட்டு இருந்தாங்க.”