பதினொரு விளக்கக் கடிதங்கள்

இந்த வழக்குக்கு நீதிபதி கிடையாது. வாசிப்பவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு விவரத்தையும் தாண்டிப் போகாதீர்கள்.

திண்டுக்கல்லில் தோல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை முப்பது வருடம் நடத்தியவர் சவரிமுத்து. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்த முதலாளிகளை ஆலை வாசலில் வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டவர். நிர்வாகம் எதையாவது விட்டுக்கொடுக்கும்போது, "கருணை அடிப்படையில், முன்னுதாரணமாகக் கொள்ளாமல்" என்று ஒரு வரி சேர்க்கும். அந்த வரி இருந்தால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். கொடுத்ததை நாளைக்கே பிடுங்கிக்கொள்ள அது போதும் என்பார். எந்த ஒப்பந்தத்தையும் பழைய தேதியிலிருந்து செல்லும்படி எழுத வைப்பதில் கெட்டிக்காரர். உரிமைக்கு யாருக்கும் நன்றி சொல்லாதீர்கள் என்று கூட்டங்களில் முழங்குவார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்கள் நேரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

அதே மனிதர் வீட்டில் மெமோ கொடுத்தார். பெண்பிள்ளைகள் மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஆறு தாண்டினால் விளக்கக் கடிதம். அதன் அடியில் "ஏற்கப்படவில்லை" என்று எழுதிக் கம்பியில் குத்திவைப்பார்.

மூத்தவள் செம்மலர் பத்தாம் வகுப்பில் பதினொரு கடிதம் எழுதினாள். டியூஷன் முடிந்து அவள் வரும் டவுன் பஸ் தெரு முனைக்கு வரவே ஆறு பத்தாகிவிடும். பதினோராவது கடிதத்தில் காரணம் இல்லை. "எழுதி அலுத்துவிட்டது" என்று மட்டும் இருந்தது. அம்மா மரியபுஷ்பம் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அதன் பிறகு செம்மலர் கடிதம் எழுத நேரவே இல்லை. டியூஷன் மாறவில்லை, பஸ்ஸும் மாறவில்லை. அவளிடம் கைக்கடிகாரம் கிடையாது. முனையிலிருந்து ஓடிவரப் பழகிவிட்டதால்தான் தப்பிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். சவரிமுத்து மறுத்தார். ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டிய பெண் வேறு ஊரில் எப்படி இருப்பாள் என்றார். ஒரு பிள்ளைக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்றார். இன்று செம்மலர் ஒரு மருத்துவமனையின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிறாள்.

இரண்டாமவள் வெண்மணிக்கும் அதே டியூஷன், அதே பஸ். அவள் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. மூன்றாமவள் வெகுகாலம் கழித்துப் பிறந்தாள். அவளுக்குப் பெயர் வைப்பதையே மனைவியிடம் விட்டுவிட்டார். ஜெசிந்தா என்று ஞானஸ்நானம் நடந்தது. அவள் ஒரு நாள் எட்டு மணிக்கு வந்து, "மெமோவை பஸ்ஸுக்குக் குடுங்கப்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். சட்டம் அன்றோடு போயிற்று என்பதுதான் வீட்டில் எல்லோருடைய எண்ணமும்.

மரியபுஷ்பம் இறந்து மூன்று வருடமாகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றி நேரம் வைப்பது இப்போது சவரிமுத்துதான்.

இனி விவகாரத்துக்கு வருவோம். ஜெசிந்தாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அங்கே மகளிர் விடுதியில் தகப்பனின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். நாலு மணிக்குப் பஸ். சவரிமுத்து எழுதிக் கொடுத்தார். தங்கையை வழியனுப்ப வந்த செம்மலர் அதை வாங்கிப் படித்தாள். "இந்த ஒரு முறை மட்டும், முன்னுதாரணமாகக் கொள்ளாமல்" என்று இருந்தது. அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

"இந்த வரியை அடிங்கப்பா."

இப்படி எழுதினால் நாளைக்கே இவளைத் திரும்பக் கூப்பிடலாம் என்றாள். இவள் போவது நியாயம் என்றால் அன்று தான் கேட்டதும் நியாயம்தான், அதையும் எழுதித் தரவேண்டும் என்றாள்.

வெண்மணிக்கு எரிச்சல். "குடுக்கிறதை வாங்கிக்கிட்டு பஸ் ஏத்தி விடுவியா, இப்பப் போயி ஒப்பந்தம் பேசிக்கிட்டு. அவரு ரத்தம் அப்படியே உனக்குத்தாங்க்கா வந்திருக்கு." போய்ச் சேர்ந்தவளை யார் இழுத்து வரப்போகிறார்கள், தாளில் என்ன இருந்தால் என்ன என்பது அவள் கட்சி.

சவரிமுத்து குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்குச் சட்டம் உயிரோட இருந்துச்சும்மா. இருக்கிற சட்டத்தைத்தான் காட்டுனேன். மனசு மாறுனது சின்னவ காலத்துல. மாறுன தேதியிலருந்துதான் எதுவும் செல்லும்."

செம்மலர் சுவரைப் பார்த்தாள். மூன்று பத்து. பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது என்றாள். ஜெசிந்தா பையைத் தூக்கிக்கொண்டாள்.

"அந்தக் கடிகாரத்தை நம்பாதக்கா. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து அது இருபது நிமிஷம் பின்னாடிதான் ஓடுது."

செம்மலரின் நடை நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். மேசைமேல், அப்பாவின் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டையும் பார்க்காமல் அந்தப் பழைய கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லுங்கள். ஆறு மணிச் சட்டம் எந்த நாளில் செத்தது? இந்த மூவரில் யார் பேச்சு சரி?

விடை: பதினோராவது கடிதத்தோடு செத்தது. முள்ளைத் திருப்பியவள் மரியபுஷ்பம். ஊருக்கே நேரம் சொன்ன கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தவருக்கு அது தெரியாமல் போயிருக்காது. மனைவி போன பிறகும் அதே இருபது நிமிடத்தைத் தன் கையாலேயே பின்தள்ளி வைத்தார். மனம் என்றைக்கோ இளகிவிட்டது, ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. நிர்வாகங்களுக்கும் இதே வியாதிதான். செத்த சட்டத்தைக் காட்டித்தான் செம்மலரின் படிப்பை மறித்தார். வெண்மணி சொன்னது காரியத்துக்கு உதவும். செம்மலர் சொன்னதே சரி. சவரிமுத்து அந்த வரியை அடித்து ஓரத்தில் கையெழுத்திட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்து, "மதுரை விடுதியில் தங்கிப் படிக்க என் மகள் செம்மலருக்கு உரிமை உண்டு" என்று எழுதி, இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டார். அதைக் காட்டி எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. செம்மலர் அதை மடித்து வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.