பின்னால் வரும் லாரி

எங்கள் பக்கத்து மலையில் வண்டி வராத ரோடு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மரம் வெட்டி இறக்கப் போட்ட கூப்பு ரோடு. இப்போது மரமும் வெட்டுவதில்லை, வண்டியும் விடுவதில்லை. வனத்துறைக்காரர்கள் அடிவாரத்தில் குறுக்கே சங்கிலி கட்டிவிட்டார்கள். சைக்கிளைச் சாய்த்து அதற்கடியில் நுழைத்துக்கொண்டு போகலாம். முதலில் முள்ளும் புதருமாகப் பொட்டல், அப்புறம் மேடுகள், அதையும் தாண்டினால் காடு. வழி நெடுகச் சரளைக்கல்.

அந்தச் சரளையில் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் பூவாயி. வயது முப்பத்தொன்று. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள், அதுவும் மனசிருந்தால்.

அவளிடம் வந்து சேர்ந்தார் சங்ககிரி அர்த்தநாரி. ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்று காரணம் சொன்னார். ஆள் நல்ல வாட்டசாட்டம். குரல் கொடுத்தால் அடுத்த ஊர் நாய் குரைக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே மாதத்தில் ஏழு தரம் விழுந்தார்.

சரளையில் விழுவது ஒன்றும் அதிசயமில்லை. எல்லாரும் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போய் விழுவார்கள். இவர் பின்னால் திரும்பிப் பார்த்து விழுந்தார். நூறடிக்கு ஒரு தரம் கழுத்து திரும்பும். கழுத்தோடு தோளும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். சரளை அப்படியே வாரிவிட்டுவிடும்.

"பின்னால என்னங்கண்ணா இருக்குது?" என்று கேட்டாள் பூவாயி.

"பழக்கதோசம் அம்மிணி. லாரிக்காரன் பாருங்க."

பூவாயி ஒரு சின்னக் கண்ணாடி கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். கழுத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அன்றைக்கு அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நேராகப் போய் ஓர் இலந்தைப் புதருக்குள் விழுந்தார். முள் எடுக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

அப்போதுதான் அவர் கேட்டார். குரல் அடுத்த ஊருக்கு என்ன, அடுத்த ஆளுக்கே கேட்காது.

"அம்மிணி, வண்டியே வராத ரோடுன்னுதானே இங்க வந்தேன். அப்புறம் ஏன் எனக்குப் பின்னால லாரி வருது?"

முள் எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தினமும் வருதுங்களா?"

"சொன்னா சிரிப்பீங்க. ஆரன் கேக்குது. என்ஜின் சூடு முதுகுல அடிக்குது. திரும்பிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. மறுபடியும் முன்னால பார்த்தா வந்துரும். உசிரு போற மாதிரி பயம் அம்மிணி. வீட்ல கூடச் சொன்னதில்லை."

பூவாயி சிரிக்கவில்லை. மீதி முள்ளை எடுத்துப் போட்டாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"நாளைக்குக் காட்டு இறக்கத்துக்குப் போலாங்கண்ணா."

காட்டு இறக்கம் இரண்டு மைல் நீளம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பழகினவர்களே அங்கே பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தால் போதும், ஆளைத் தேடக் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

போக வேண்டாம் என்றுதான் அவர் நினைத்தாராம். பிற்பாடு அவரே சொன்னது. ஆனாலும் காலையில் சங்கிலியருகே சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது.

பொட்டலில் ஒரு காடை சக்கரத்துக்கு முன்னாலிருந்து விருட்டென்று கிளம்பியது. அவர் "ஐயோ!" என்று அலறிவிட்டார். மேடுகளில் காற்று காதை அடைத்தது. அதுவே அவருக்குத் தெம்பாக இருந்தது, வேறு எதுவும் கேட்காது அல்லவா? காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. டயர் சரளையை நெரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பூவாயி முன்னால் போனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, முருகா முருகா என்று மிதித்தார்.

இறக்கம் தொடங்கிய முதல் வளைவிலேயே அது வந்தது. முதலில் உறுமல். கியரைக் குறைக்கிற சத்தம். அப்புறம் ஆரன், விடாமல். முதுகு சுட்டது. அவர் இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினார். பின்சக்கரம் சரளையை வாரிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இழுத்தது. விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. கல் இரண்டு உருண்டு விழுந்தன. அவை கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வரவே இல்லை.

"அம்மிணீ! வந்துருச்சு! வந்துருச்சு!"

பூவாயி சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள். அவர் கையைப் பிடித்து உள்பக்கம் இழுத்தாள்.

"இப்படி ஒதுங்குங்க. வழி விடுங்க."

"என்னது?"

"வண்டி வருதில்லீங்களா? வழி விடுங்க. போகட்டும்."

இரண்டு பேரும் பாறையோடு ஒட்டி நின்றார்கள். முன்னால் வெறும் ரோடு. அர்த்தநாரி கண்ணை இறுக மூடியிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"போயிருச்சுங்களா?" என்று கேட்டாள் பூவாயி.

"இல்லை. நின்னுருச்சு. பக்கத்துலயே நிக்குது."

"என்ன வண்டிங்க?"

"பத்துச் சக்கரம்."

"என்ன கலரு?"

"பச்சை. மூஞ்சி மட்டும் ஆரஞ்சு."

"கண்ணாடி மேல ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சௌந்தரி."

"யாருங்க அது?"

"எம் பொண்ணு. அவ பேரைத்தான் என் வண்டியில எழுதியிருந்தேன்."

ஒன்றுமில்லாத அந்த ரோட்டைப் பூவாயியும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"டிரைவர் சீட்டுல யாருங்கண்ணா?"

அர்த்தநாரி பாறையோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

"நான்தான் அம்மிணி. பதினோரு வருசம் ஆச்சு. விடியக்காலம். எனக்கு முன்னால சைக்கிள்ல ஒரு பால்காரர் போயிட்டிருந்தார். நான் கண்ணசந்துட்டேன். பெரிய சத்தம்கூட இல்லை. பால் கேன் உருண்ட சத்தம்தான். கண்ணாடியில பார்த்தேன். சைக்கிள் கிடந்துச்சு. சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"அவரு?"

"தெரியலை."

"இறங்கிப் பார்க்கலையா?"

"நிறுத்தலை அம்மிணி."

பூவாயி ஓரடி தள்ளி நின்றாள். அவளும் வாரத்துக்கு நாலு நாள் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போகிறவள்தான். கோபம் வந்தது. வந்ததை அவள் மறைக்கவும் இல்லை.

"அப்புறமாவது விசாரிச்சீங்களா? ஒரு போன்? ஒரு வார்த்தை?"

"பயம். செத்திருந்தா என்ன பண்றது? அந்த ரோட்டுப் பக்கமே போறதை விட்டுட்டேன். அப்புறம் வண்டியையும் வித்துட்டேன். இப்ப நெடுஞ்சாலையைப் பார்த்தாலே கை நடுங்குது. அதான் வண்டியே வராத இடமாத் தேடி வந்தேன். இங்கயும் விட மாட்டேங்குது. நீங்கதான் எப்படியாவது இதை விரட்டிவிடணும். உங்க காலைப் புடிச்சுக்கறேன்."

"காலை விடுங்க."

அவர் சைக்கிளை எடுத்தாள் அவள். ஒட்டியிருந்த சரளையைத் தட்டிவிட்டு, ஹேண்டில்பாரை நேராக்கினாள். வந்த வழியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள்.

"இறக்கம் அந்தப் பக்கமில்லீங்களா?"

"இறக்கம் இன்னைக்கு இல்லை. அந்த ஊரு ஞாபகம் இருக்குதுங்களா?"

பேரைச் சொன்னார். யோசிக்கவே இல்லை. பாலம், பாலத்தையொட்டிப் புளியமரம், எதிர்ப்பக்கம் டீக்கடை, கடைக்குப் பின்னால் போகிற மண்பாதை எல்லாம் சொன்னார். அந்த ஊர்ப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"சைக்கிள்ல ரெண்டு நாள் ஆகும்" என்றாள் பூவாயி. "இப்பவே கிளம்புங்க."

"நெடுஞ்சாலையிலயா? சைக்கிள்லயா?"

"ஆமாங்க."

"லாரி முதுகுல ஏறிரும் அம்மிணி!"

"அந்தப் பால்காரருக்கும் முதுகு இருந்துச்சுங்கண்ணா."

"அந்த ஊர்க்காரங்க அடிச்சே கொன்னுருவாங்க" என்றார்.

"அடிக்கலாம்."

"போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாங்க."

"குடுக்கலாம்."

"அவர் போயிச் சேர்ந்திருந்தா?"

"வீடு இருக்கும். வீட்ல ஆளுங்க இருப்பாங்க. யாரு இடிச்சாங்கன்னு தெரியாமயே பதினோரு வருசமா இருப்பாங்க."

அர்த்தநாரி எழுந்தார். பாறையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. ஹேண்டில்பாரைப் பற்றினார்.

"பயமா இருக்குது அம்மிணி."

"எனக்கும்தான். நீங்க போயிக் கதவைத் தட்டுறப்போ, தொறக்கறவங்களை நினைச்சாப் பயமா இருக்குது."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி மேட்டில் ஏறினார். நின்றார். இந்தத் தரம் பின்னால் திரும்பியது லாரியைப் பார்க்க அல்ல, அவளைப் பார்க்க.

"இத்தனை வருசம் கழிச்சுப் போயி, அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

பூவாயி சொன்னாள்:

"இப்பத்தான் வண்டியை நிறுத்தினேன்னு சொல்லுங்க."