தளபதிக்கு நன்றி

சீன தேசம் சின்னச் சின்ன ராஜ்யங்களாகச் சிதறிக் கிடந்த முன்னொரு காலத்தில், தென்னாட்டு அரசர் ஒருவரிடம் குவோ பெங் என்ற தளபதி இருந்தார். வாள் வீச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மனிதர் ஆற்றங்கரை நாணல். காற்றடிக்கிற பக்கம் சாய்வார். வடநாட்டு அரசர் நல்ல குதிரைகள் தருவதாக ஆசை காட்டியதும் அங்கே போனார். மரியாதை குறைந்ததும் திரும்பி வந்தார். மறுபடி போனார். இப்போது மறுபடியும் தம் படையோடு தென்னாட்டுக் கோட்டை வாசலில் வந்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லி நின்றார்.

அரசருக்கு அவரை விடவும் மனமில்லை, நம்பவும் மனமில்லை. போதாததற்கு வடநாட்டுப் படை எல்லையில் கூடாரமடித்திருந்தது. யாராவது பிணை நின்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அரசவை விகடன் தாவ் சீயின் மேல் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அமைச்சர் ஷென் உடனே எழுந்தார்.

"மன்னர் பெருமானே, எதற்கும் விடை வைத்திருப்பவர் தாவ் சீ. அவரே பிணை நிற்கட்டும். தளபதி இன்னொரு முறை ஓடினால் அவர் தலை போகட்டும்."

அரசருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. தாவ் சீயோ, தளபதியின் மனம் மாற வேண்டுமா, ஓடாமலிருந்தால் போதுமா என்று மட்டும் பணிவாகக் கேட்டார். ஓடாமலிருந்தால் போதும் என்றார் அரசர்.

மறுநாள் எல்லைச் சந்தையில் வடநாட்டு வியாபாரிகள் கூடியிருந்த நேரம் பார்த்து முரசறைய வைத்தார் தாவ் சீ. எதிரி நாட்டில் ஒற்றராக இருந்து கோட்டை ரகசியமெல்லாம் கொண்டுவந்த தளபதி குவோ பெங்குக்கு மன்னர் நன்றி சொல்கிறார் என்று ஊரறியக் கூவினார்கள்.

செய்தி கேட்ட வடநாட்டு அரசர், தளபதியைக் கண்ட இடத்தில் வெட்டச் சொன்னார். ரகசியம் போயிற்றே என்ற பயத்தில் எல்லையிலிருந்த படையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கண்கள் சிவக்க அரசவைக்கு ஓடிவந்தார் குவோ பெங்.

"பொய், மன்னா! நான் ஒற்றனல்லன். மனமறிந்துதான் உங்களுக்குத் துரோகம் செய்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அமைச்சர் ஷென்னின் முகம் மலர்ந்தது. தளபதியே துரோகத்தை ஒப்புக்கொண்டார், இனி விகடன் தலையை எடுக்கலாம் என்றார்.

தாவ் சீ எழுந்து வணங்கினார்.

"அமைச்சரே, நான் அவருடைய மனத்துக்குப் பிணை நிற்கவில்லை, கால்களுக்குத்தான் நின்றேன். இனி அவை எங்கே போகும்?"

குவோ பெங் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், மெதுவாக மண்டியிட்டார். அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் பட்டு மேலங்கியைக் கழற்றித் தாவ் சீக்குப் போர்த்தினார். தாவ் சீ முதலில் தொட்டுப் பார்த்தது பட்டை அல்ல, தன் கழுத்தை.