அழிக்கச் சொன்ன காட்சி

நடந்ததைச் சொல்வது என் வேலை; தீர்ப்பு உங்களுடையது.

சியோலுக்கு வெளியே அரண்மனை செட் போட்டு ஒரு சரித்திரத் தொடர் எடுத்தார்கள். அதன் படத்தொகுப்பாளர் யூன்ஜு. கதைப்படி தளபதி மனைவியை அடிப்பான்; அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அவனை மன்னிப்பாள். "இன்னும் எத்தனை தொடரில் அடிவாங்கியே நல்ல பெயர் எடுப்பாள் நம் கதாநாயகி?" என்று யூன்ஜு கேட்டாள். இயக்குநர் பே சிரித்தார். "அவள் அழுதால்தானே ஜனம் பார்க்கிறது!"

படப்பிடிப்பின்போது யூன்ஜு மானிட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒத்திகையில் தளபதியாக நடித்த தேஹோவின் கை, மனைவியாக நடித்த சோராவின் கன்னத்தில் படவே இல்லை. கேமரா ஓடியதும் அறை நிஜமாகவே விழுந்தது. உதடு கிழிந்தது. "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சோரா கெஞ்சினாள். வசனத்தில் அது இல்லை. அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதி, விலாவில் உதைத்தான். பே 'கட்' சொல்லவில்லை. அவனை ஏவிவிட்டதே அவர்தான்.

சோராவுக்குப் பதிலாகப் படிக்கட்டில் உருளவேண்டிய சண்டைக் கலைஞர் மிரே, அதே பட்டுடையில் ஓரமாகக் காத்திருந்தாள். பாய்ந்து வந்து அவன் முழங்காலில் ஓங்கி மிதித்தாள். எலும்பு முறியும் சத்தம்கூடப் பதிவானது.

ஒப்பனை அறையில் வாயில் ரத்தம் வழிய, சோரா யூன்ஜுவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் கெஞ்சியதை யாரும் பார்க்கக் கூடாது. அழித்துவிடுங்கள்."

"அழித்துவிடுகிறேன்" என்று யூன்ஜு வாக்குக் கொடுத்தாள்.

அதற்குள் போலீஸ் வந்தது. மிரே காரணமில்லாமல் தாக்கினாள் என்பது தேஹோவின் புகார். செட்டில் இருந்தவர்கள் வேலைக்குப் பயந்து, "அதுவரை எல்லாம் நடிப்புதான்" என்றார்கள். யூன்ஜு ஒருத்தியின் பேச்சு எடுபடவில்லை. மிரேவுக்கு விலங்கு மாட்டினார்கள்.

பதிவு யூன்ஜுவிடம் மட்டுமே இருந்தது. "மிரே மிதித்ததை வெட்டிவிட்டு, அவன் அடித்ததைத் தொடரில் வை. இப்படி ஒரு நடிப்பு இனிக் கிடைக்காது" என்றார் பே. "அக்கா, அதைக் காட்டாவிட்டால் எனக்குச் சிறைதான்" என்றாள் காவலில் இருந்த மிரே. "அழித்தாயிற்றா?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டாள் சோரா. மிரே கைதானது அவளுக்குத் தெரியாது.

சொல்லுங்கள்: அந்தக் காட்சி யாருக்கு உரியது? யூன்ஜு என்ன செய்தால் சரி?

விடை: பேவுக்கு அதைக் கேட்க உரிமையே இல்லை. சம்மதமில்லாமல் வாங்கிய அழுகை நடிப்பல்ல, திருட்டு. காட்சி சோராவுடையது, ஆனால் அதிலுள்ள உண்மை மிரேவுக்கும் வேண்டும். ஆகவே மிரேவுக்குத் தெரியாமல் அழிப்பதும் தவறு, சோராவுக்குத் தெரியாமல் காட்டுவதும் தவறு. யூன்ஜு சோராவிடமே போய், நடந்ததைச் சொல்லி, கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்க வேண்டும். சோரா மறுத்தால்? "நான் வாக்கை மீறப்போகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நீதிபதி ஒருவருக்கு மட்டும் காட்ட வேண்டும். வாக்குத் தவறிய பழியை யூன்ஜு சுமக்கலாம். காப்பாற்ற ஓடிவந்தவள் சிறைக்குப் போகக் கூடாது.